உறுமும் பெட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வீட்டு றேடியோவுக்குள் கிற்றாரைச் செருகி வாசித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் சரக்குப் பிரிவில் எனக்குக் கிளாக்கர் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த றேடியோவின் முன்னால் போய் இருந்துவிடுவேன். அப்பா செய்தி கேட்கிற றேடியோ அது. பழைய வால்வு றேடியோ. பின்பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டியைப் பொருத்துவதற்கென்று ஒரு துளை இருந்தது. கிற்றார் வயரை அதற்குள் செருகி, சத்தத்தை முழுக்கத் திருப்பினால், றேடியோ மூச்சுத் திணறியதுபோல ஒரு ஒலி வரும். மெதுவாகத் தட்டினால் தெளிவாக இருக்கும். ஓங்கித் தட்டினால் சுரத்தின் விளிம்பு கிழியும், கரகரக்கும், நெடுநேரம் நிற்கும்.

எங்களைப் பிடித்து ஆட்டிய ஒலி அதுதான். இங்கிலாந்துக் கோஷ்டிகளின் இசைத்தட்டுகள் கப்பல்காரர் வழியாக எங்கள் கைக்கு வரும். வானொலியின் ஆங்கிலச் சேவையிலும் கேட்போம். அந்தக் கிற்றார்கள் பாடவில்லை, உறுமின. அது விரலில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். றேடியோவின் முன்னால் இருந்து வாசித்து வாசித்துத்தான், அது வால்வுகள் தங்களால் தாங்க ஏலாத அளவுக்கு வேலை செய்யும்போது வருகிற சத்தம் என்று விளங்கிக்கொண்டேன். ஆனால் றேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. எங்கள் விறாந்தையைத் தாண்டி ஒருவருக்கும் கேட்காது.

நாங்கள் மூன்று பேர். டிரம் அடித்தவன் கப்பல் பட்டறையில் மின்சாரப் பகுதியில் வேலை செய்தவன். லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். பாடியவன் கிண்ணியாவைச் சேர்ந்தவன். அவனுடைய வாப்பாவுக்கு நெல் வியாபாரம். பட்டணத்தில் இருந்த அவர்களுடைய கடையை இவன்தான் பார்த்துக்கொண்டான். ஆங்கிலப் பாட்டை அவன் பாடினால் கப்பல்காரரே திரும்பிப் பார்ப்பார்கள். மேல்சுரத்துக்குப் போகும்போது அவனுடைய குரலிலும் ஒரு கிழிசல் இருந்தது.

அந்த வருட முடிவில் துறைமுக ஊழியர் கழகத்தின் நடன விழாவுக்கு எங்களைக் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் எங்களிடம் அம்பிளிபயர் இல்லை என்பது உறைத்தது.

இறக்குமதி எல்லாம் நிறுத்தப்பட்டிருந்த காலம். வெளிநாட்டுச் சாமான் கடையில் கிடையாது. பட்டணத்துக் கடை ஒன்றில் உள்ளூரிலேயே செய்த டிரான்சிஸ்டர் அம்பிளிபயர் ஒன்று இருந்தது. புதுசு, மினுங்கிக்கொண்டு இருந்தது. கடைக்காரர் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

"தம்பி, இது சூடாகாது, பழுதாகாது. போட்டவுடன சத்தம் வரும்," என்றார்.

வாசித்துப் பார்த்தேன். சத்தம் வந்தது, அவ்வளவுதான். கூட்டக் கூட்டப் பெரிதாகியதே தவிர, கனக்கவில்லை. கடைசி வரை திருப்பியபோது தகரத்தில் ஆணியால் கீறுவதுபோலப் பல் கூசியது. பாடகன் என் முகத்தைப் பார்த்தான். "வேண்டாம் மச்சான்," என்றான்.

இரண்டாவது பெட்டியை டிரம் அடிப்பவன்தான் கண்டுபிடித்தான். அவன் போகிற தேவாலயத்துக்கு வருகிற ஒரு பறங்கி அம்மா, போர்த்துக்கேயர் வழி வந்தவ, உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தா. அவவுடைய மகன் கொழும்பில் ஒரு கோஷ்டியில் வாசித்தவன். கப்பல் இஞ்சினியர் ஒருவரிடம் ஒரு ஆங்கில அம்பிளிபயரை வாங்கி வைத்திருந்தவன், அதைத் தாயிடம் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். இப்போது அவவும் மகனிடம் போகப்போகிறா. வீட்டுச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

"மட்டக்களப்பில இருந்து ஒரு கோஷ்டி சனிக்கிழமை வந்து பாக்குதாம். அதுக்கு முதல் போங்கோ," என்றான் டிரம்காரன். அவனுக்கு அன்றைக்குப் பட்டறையில் வேலை. நானும் பாடகனும்தான் போனோம்.

கார்த்திகை மழை. காலையில் இருந்து விடவில்லை. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிச் செற்றையும் மைக்கையும் கை வண்டியில் ஏற்றி, தார்ப் படங்கால் மூடித் தள்ளிக்கொண்டு போனோம். குரலும் கிற்றாரும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று கேட்காமல் அவன் எதையும் எடுக்கமாட்டான். அந்த அம்மாவின் முன்னறையில் கூரை ஒழுகிச் சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது.

"செருப்பைக் கழட்ட வேண்டாம் பிள்ளைகள், வழுக்கும்," என்றா. அறுபது வயது இருக்கும். பெரிய உடம்பு, பூப்போட்ட கவுன். தமிழை ஒரு இழுவையோடு பேசுவா.

பெட்டி மூலையில் கிடந்தது. கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி, முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். பிறகு பின்பக்கத்தில் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. சுட்ட தூசியின் மணம் வந்தது. ஒரு ஆழமான இரைச்சல் தரை வழியாக என் காலுக்குள் ஏறியது.

முதல் தட்டிலேயே எனக்கு மயிர் கூச்செறிந்தது. மெதுவாகத் தட்டினால் மணிபோல இருந்தது. ஓங்கினால் உறுமியது. சுரத்தைப் பிடித்தபடி நின்றால் அது சாகாமல் நின்று, மெல்ல மெல்ல இன்னொரு சுரமாகப் பூத்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மா கதிரையில் இருந்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தா.

"தா, நான் வாசிக்கிறன். நீ அங்க போய் நிண்டு கேள்," என்றான் பாடகன்.

கிற்றாரை அவனிடம் கொடுத்துவிட்டு அறையின் மறு அந்தத்துக்குப் போனேன். அவன் இரண்டு மூன்று தரம் தட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். இடது கை கம்பிகளை அழுத்திப் பிடித்திருக்க, வலது கையை நீட்டி மைக்கைப் பிடித்தான்.

ஒரு சத்தம் வந்தது. தொண்டையின் அடியில் இருந்து வந்த நீண்ட சத்தம். ஸ்பீக்கர்கள் இரைந்தன. அவனுடைய உடம்பு விறைத்து, தலை பின்னால் சாய்ந்து, முழங்கால்கள் நடுங்கின. அவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இசைத்தட்டு உறைகளில் இருக்கிற பாடகர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நான் கைதட்டக்கூடப் போனேன்.

"அவன் பாடேல்ல!" என்று அந்த அம்மா கத்தினா. "அவனுக்குக் கரண்ட் அடிக்குது!"

நான் அவனை நோக்கிப் பாய்ந்தேன்.

"தொடாத! தொடாத அவன!"

அந்தக் குரலில் என் கை அப்படியே நின்றது. அவனுடைய கைகளுக்கும் என் கைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவனுடைய கண்கள் திறந்திருந்தன, என்னைத்தான் பார்த்தன. விட ஏலவில்லை அவனால். விரல்கள் மைக்கோடு ஒட்டிப்போயிருந்தன. அந்த அம்மா கதிரையோடு சேர்ந்து சரிந்து, சுவரோரம் போன வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தா. பிளக் சுவரில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. இரைச்சல் அடங்கியது. அவன் வெட்டிய வாழைபோல விழுந்தான். கிற்றார் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவனுடைய நெஞ்சு ஏறவில்லை. அந்த அம்மா முழங்காலில் இருந்து, கிற்றாரைத் தள்ளிவிட்டு, அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தினா. திரும்பவும் குத்தினா. "மாதாவே, மாதாவே," என்று சொல்லிக்கொண்டே குத்தினா. நான் அவனுடைய பெயரைக் கத்திக்கொண்டு நின்றேன். பிறகு தண்ணிக்குள் இருந்து வெளியே வருகிறவன்போல அவன் ஒரு மூச்சை இழுத்தான்.

வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனுடைய இடது கை விரல்களில் கம்பிகள் பதிந்த இடமெல்லாம் கோடு கோடாக வெந்திருந்தது. வலது உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு காயம். டொக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, படுக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

விறைத்த உடம்போடு நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். வாப்பாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. கிண்ணியாவில் இருந்து வருவதென்றால் துறையை மிதவையில் கடக்கவேண்டும், அதுவும் இந்த மழைக்குள். அவர் வந்து என்ன கேட்பார், நான் என்ன சொல்லுவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தாதி வந்து, அவன் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னா.

கட்டிலில் இரண்டு கைக்கும் துணி சுற்றிக் கிடந்தான். குரல் அடைத்திருந்தது.

"அந்தப் பெட்டிச் சத்தத்தைக் கேட்டனியா?" என்றான்.

"உனக்கென்ன விசரா? நாளைக்கே போய்க் கடையில இருக்கிற மற்றப் பெட்டியை எடுப்பம்."

"கேட்டனியா, இல்லையா?"

"கேட்டனான்."

"பிறகென்ன. அடி வாங்கிக்கொண்டு பாடுறன் எண்டு நான் சொல்லேல்ல. திருத்தச் சொல்லுறன்."

வாப்பா வந்தபோது நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றாமலே மகனின் தலைமாட்டில் போய் இருந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் டிரம்காரன் போய்ப் பெட்டியைத் திறந்தான். கூடவே நானும் போனேன். பெட்டியின் வயரில், கசிகிற மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகிற எர்த் கம்பி வெட்டப்பட்டு, இரண்டு முனைப் பிளக் போடப்பட்டிருந்தது. இரைச்சலைக் குறைக்க யாரோ செய்த வேலை. உள்ளே பழைய பாகம் ஒன்று பழுதாகி, பெட்டியின் உலோகச் சட்டம் முழுக்க மின்சாரம் ஏறியிருந்தது. அங்கேயிருந்து கிற்றார்க் கம்பிகளுக்கும் வந்திருக்கிறது. இறப்பர் செருப்போடு நின்றதால் கிற்றாரை மட்டும் தொட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எர்த் சரியாக இருந்த மைக்கை அவன் பிடித்ததும், மின்சாரம் அவனுடைய நெஞ்சு வழியாகத் தனக்கு ஒரு பாதை கண்டுகொண்டது.

டிரம்காரன் அந்தப் பாகத்தை மாற்றினான். மூன்று கம்பி வயர் போட்டு, மூன்று முனைப் பிளக் பூட்டினான். அந்த அம்மா வீட்டுச் சுவரில் இருந்த எர்த்தையும் சோதித்தான். "இப்ப பச்சைப் பிள்ளையும் தொடலாம்," என்றான். நானும் தலையாட்டினேன். ஆனால் கிட்டப் போகவில்லை. சனிக்கிழமை மட்டக்களப்பு ஆட்கள் வந்தால் கொடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் மனதுக்குள் இருந்தது. ஒரு சத்தத்துக்காக ஒருவன் சாகக் கிடந்திருக்கிறான். தகரச் சத்தமே போதும்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு, வாப்பா மகனையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ட புள்ளைய அடிச்ச பெட்டி எங்க இரிக்கி?"

காட்டினோம். சுற்றிவந்து பார்த்தார். கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பார்த்தார்.

"முதலாளி, இப்ப எர்த் குடுத்திருக்கு. ஒண்டும் செய்யாது," என்றான் டிரம்காரன்.

"ஒண்டும் செய்யாதா?" அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க பிடியுங்க தம்பி."

பாடகன், "வாப்பா..." என்றான். அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

டிரம்காரன் சுவிட்சைப் போட்டான். வால்வுகள் ஒளிர்ந்தன. நான் கிற்றாரை மாட்டிக்கொண்டேன். திருத்தியாயிற்று என்பது எனக்குத் தெரியும், அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்றே பார்த்தனான். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. கம்பிகளை இடது கையால் பிடித்தபடி, வலது கையைப் பொத்தி, புறங்கையால் மைக்கைத் தட்டினேன். புறங்கை என்றால் மின்சாரம் அடித்தாலும் கை விலகிக்கொள்ளும் என்று டிரம்காரன் சொல்லித் தந்திருந்தான்.

"அப்பிடியில்ல," என்றார் வாப்பா. "அவன் பிடிச்ச மாதிரிப் பிடியுங்க."

அந்த அம்மா பிளக்குக்குப் பக்கத்தில் போய், வயரில் கையை வைத்துக்கொண்டு நின்றா. பாடகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மைக்கை எட்டிப் பிடித்தேன். ஐந்து விரலாலும்.

குளிர்ந்த இரும்பு. வேறொன்றும் இல்லை.

நான் விடாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் போதும் என்று சொல்லும்வரை நின்றேன். வியர்வை கண்ணுக்குள் வடிந்தது.

"சரி. உங்களுக்கு அடிக்கல்ல," என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "வேணாம் எண்டா நீ எனக்குத் தெரியாமப் போவாய். போய்ப் பாடு. ஆனா கையால தொடாமப் பாடு. நானும் வருவன், பாத்துக்கொண்டு இரிப்பன்."

அப்படித்தான் அந்தப் பெட்டி எங்களுடையது ஆகியது. டிரம்காரன் ஒரு பெயின்ற் வாளிக்குள் சீமெந்து ஊற்றி, நடுவில் கூட்டுகிற தும்புத்தடிக் கம்பு ஒன்றை நட்டு, அதன் தலையில் மைக்கைக் கட்டினான். உதடு பட்டாலும் மின்சாரம் அடிக்கக்கூடாது என்று, நான் மைக்கின் மேல் கைலேஞ்சித் துணி ஒன்றைச் சுற்றிவிட்டேன்.

விழா மண்டபத்தில் காகிதத் தோரணங்களும் கலர் பல்ப்புகளும் தொங்கின. வெளியே தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சோடி சோடியாக ஆட நின்றவர்களுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், வாப்பா தொப்பியோடு ஒரு கதிரையில் நேராக இருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. மகனுடைய கைகளை மட்டும் பார்த்தார்.

பாடகன் மேடைக்கு வந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பின்னால் கட்டிக்கொண்டான். மைக்கில் இருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாடத் தொடங்கினான். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. என் கிற்றார் அவனை விழுங்கிவிட்டது.

"பாட்டுக் கேக்கேல்ல!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சிரிப்பொலி எழுந்தது.

நான் அம்பிளிபயரைக் குறைத்தேன். குறைத்ததும் உறுமல் போய்விட்டது. அந்தப் பெட்டி உரத்து வாசித்தால்தான் உறுமும். இப்போது சின்னதாக, சாதுவாக, எந்தப் பெட்டியிலும் வரக்கூடிய சத்தம் வந்தது. இவ்வளவும் இதற்குத்தானா என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டும் அப்படியே போயிற்று. ஆட வந்தவர்கள் கதிரைகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு, ஒரு அடி முன்னால் வந்தான். பிறகு குனிந்தான். கதவோரத்தில் வாப்பா எழுந்து நிற்பதைக் கண்டேன். கைலேஞ்சிக்கும் அவன் உதட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ஒரு விரல். உதடு துணியில் பட்டது.

அந்தக் கணத்தில் எங்கோ கிட்ட மின்னியது. மண்டபத்து லைற் எல்லாம் ஒருக்கால் மங்கி எழும்பியது. ஸ்பீக்கரில் டும் என்று ஒரு உதை. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். ஆனால் பின்வாங்கவில்லை. அடுத்த வரியை உதட்டைத் துணியில் வைத்தபடியே பாடினான். குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது, கிழிசலோடு.

நான் கையை நீட்டிப் பெட்டியை முழுக்கத் திருப்பினேன்.

அந்த இரவில் நாங்கள் வாசித்ததைப் பற்றி நான் பெரிதாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கதிரைக்குத் திரும்பியவர்கள் எழுந்து வந்தார்கள் என்பதை மட்டும் சொல்லுகிறேன். அவன் எல்லாப் பாட்டையும் கையைப் பின்னால் கட்டியபடியே, தலையை முன்னால் நீட்டி, உடம்பை அசைக்காமல் பாடினான். வாப்பா முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

பறங்கி அம்மா மாசி மாதம் அவுஸ்திரேலியாவுக்குப் போனா. வழியனுப்பப் போனபோது அவன் அவவுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். அந்த வருடம் சாம்பல்தீவிலும் கட்டைபறிச்சானிலும் பள்ளிக்கூட விழாக்களில் பாட ஏறிய பெடியன்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதுதான் இங்கிலாந்து ஸ்ரைல் என்று ஒருவன் எனக்கே விளங்கப்படுத்தினான்.

நாங்கள் மூன்று பேரும் தொடர்ந்து வாசித்தோம். ஒவ்வொரு மேடையிலும் டிரம்காரன் முதலில் எர்த்தைப் பார்ப்பான். பிறகு நான் கிற்றாரையும் மைக்கையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் அவன் ஏறுவான்.

பிறகு ஒருநாள் மூதூரில் ஒரு கலியாண வீடு. வெளியே பந்தல், வெயில் தாழ்ந்த நேரம், காய்ந்த மணல். நல்ல வேகமான பாட்டு ஒன்றின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அவன் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். வலது கையை நீட்டி, கட்டிய கயிற்றை இழுத்து, மைக்கைக் கம்பில் இருந்து பிடுங்கி எடுத்தான்.

என் விரல்கள் நின்றுவிட்டன. டிரம்மும் நின்றது. அவன் மட்டும் பாடிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பி, என்ன நிற்கிறீர்கள் என்பதுபோல மற்றக் கையால் சைகை காட்டினான். டிரம்காரன்தான் முதலில் தொடங்கினான். நான் எங்கே விட்டேன் என்று தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டேன். அவன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலின் அந்தம் வரை நடந்துபோய், வயர் எட்டுமட்டும் போய், அங்கே நின்று பாடினான்.